தூக்க மொய்

கார்வண்ணனின் கடன்காரர்கள் கூட்டம் பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேரை உட்கார வைக்க அரசாங்கத்துக்கு அந்த வட்டாரத்தில் வேறு இடம் கிடைக்கவில்லை. முந்தின நாள் வரவேற்பு நடந்த ஜோடியின் பெயர் வாசல் பூ வளைவில் அப்படியே இருந்தது. மேடையில் கிடந்த மணமக்கள் நாற்காலிகளை எடுத்துப்போக ஆள் வரவில்லை. ஆகவே ஒன்றில் அரசாங்கத்தின் கடன் தீர்வு அலுவலர் சுபாஷிணி உட்கார்ந்தார், மற்றொன்றில் கார்வண்ணன் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் பழக்கத்தில் மேடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டே நாற்காலி தேடினார்கள்.

வந்தவர்கள் எல்லோருமே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விட, பக்கத்தில் இருப்பவர் விட, அது வரிசை வரிசையாகப் போய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் முட்டித் திரும்பியது. பளிச்சென்று கண் விழித்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள் கார்வண்ணன்தான். அவன் அவர்களிடம் பட்டிருந்த கடன் தூக்கம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு கண்ணயர் நிதி நிறுவனத்தின் ஆள் ஒருவர் அந்தப் பக்கம் வந்து, ரேஷன் கடை வாசலில் ஒரு தொப்பியையும் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார்.

"நாம தூங்குறப்ப மூளை பகல் அழுக்கையெல்லாம் கழுவிக்குது. இந்தத் தொப்பியை மாட்டிக்கிட்டுத் தூங்குனீங்கன்னா, அந்தக் கழுவுற சக்தி பெட்டிக்குப் போயிடும். வேண்டியவங்க பெட்டியிலேர்ந்து எடுத்துக்கலாம். அவங்க தூங்காமலே தெளிவா இருப்பாங்க."

"அப்ப தூங்குனவனுக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அவரு அழுக்கு அவருகிட்டயே இருக்கும். அப்புறமா யாராவது அவருக்குத் தூங்கிக் குடுத்தா சரியாயிடும்."

"எங்க வீட்டுத் தண்ணியில உங்க சட்டையைத் துவைக்கிறாப்ல."

"அதேதான்!"

பட்டணத்தில் இதை வட்டிக்கு விட்டார்கள். பேராவூரணிப் பக்கத்து ஆட்களுக்கு இப்படி எதைக் காட்டினாலும் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்: மொய் விருந்து. பணமொய் எப்படியோ அப்படியே தூக்க மொய். ஆடி மாதம் பந்தல் போட்டு, கிடா வெட்டி, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டியது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி, பந்தலில் விரித்த பாயில் தொப்பியோடு படுத்து, தங்களால் முடிந்ததை எழுதிவிட்டுப் போக வேண்டியது. கறிச்சோறு தின்றால் தூக்கம் தானாக வரும் என்பதால் வசூல் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கொடுத்தவர் தன் வீட்டில் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் கேட்பது கேவலம்.

அந்த வட்டாரத்தின் முதல் தூக்க மொய் விருந்தைக் கார்வண்ணன் வைத்தான். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று காரணம் சொன்னான். வழக்கப்படி ஒரு விருந்துக்கும் அடுத்த விருந்துக்கும் ஐந்து வருஷம் இடைவெளி விட வேண்டும். ஆனால் அந்த வழக்கம் பணத்துக்குத்தானே, தூக்கத்துக்கும் உண்டா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவன் வருஷா வருஷம் வைத்தான். இந்த ஆடியில் நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரே மாதத்தில் அவனுக்குப் பத்திரிகை வைத்தார்கள். மொத்தம் பதினாறாயிரம் மணி நேரம். மனிதனுக்கு ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரம்தான் தூங்க வரும்.

எனவே கூட்டம். கார்வண்ணன் கொடுத்த திட்டம் இது: ரூபாய்க்கு நாலணா கணக்கில், அதாவது கால் பங்கு மட்டும், நாலு வருஷம், தினமும் மூன்று மணி நேரம் கடன்காரர்களுக்காகத் தூங்குவது. ஓட்டுப் போடும் கடன்காரர்களின் மொத்த மணி நேரத்தில் முக்கால் பங்கு ஒத்துக்கொண்டால் திட்டம் நிறைவேறும். இல்லையென்றால் திருச்சியில் உள்ள துயில்கூடம். அங்கே மூக்கில் குழாய் மாட்டி, இரவு பகலாக ஏறக்குறைய இரண்டு வருஷம் தூங்க வைத்து, கடனை முழுசாக எடுத்துக்கொண்டு எழுப்பி அனுப்புவார்கள். அவன் மகள் குயிலிக்கு இப்போது மூன்று வயது. முதல் வரிசையில் அம்மா மங்கையின் மடியில் உட்கார்ந்து அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுபாஷிணி ஒலிபெருக்கியைத் தட்டினார். "முதல்ல ஒண்ணு. கடனாளிக்கு நெருங்கின சொந்தக்காரங்க ஓட்டுப் போட முடியாது. சொந்தக்காரங்க கையைத் தூக்குங்க."

மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது. கரண்டியோடு எட்டிப் பார்த்த சமையல்காரரும் தூக்கினார்.

"நெருங்கின சொந்தம்னு சொன்னேன்."

ஒரு கைகூட இறங்கவில்லை. நெருங்காத சொந்தம் என்று ஊர் நடுவே ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

கார்வண்ணனின் தாய்மாமன் மனைவி அஞ்சலை எழுந்தாள். "நான் அவனுக்கு அத்தை. எங்க வீட்டுக்காரு மடியில வச்சுத்தான் அவனுக்குக் காது குத்துனாக. பத்திரிகையிலயே பேரு போட்டிருந்துச்சு."

"நீங்க சரிம்மா. உங்களுக்குப் பின்னாடி இருக்கிறவர்?"

"என் தம்பி சம்பந்தி வீட்டுல பொண்ணு எடுத்தவரு."

"அது தூரத்துச் சொந்தம். அவர் ஓட்டுப் போடலாம்."

பின்னால் இருந்தவர் எழுந்துவிட்டார். "என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? இவன் கல்யாணத்துக்கு மொத பந்தியில என்னைத்தான் உக்கார வச்சாங்க. ஒரு ஓட்டுக்காக நான் யாரோங்கிறதா? பொதுத் தேர்தல்லயே நான் அப்படிப் பண்ணுனதில்ல."

"சரி, உங்களுக்கும் ஓட்டு இல்ல."

"அது!" என்று வெற்றியோடு உட்கார்ந்தார்.

"ஆமா, சொந்தத்துக்கு ஏம்மா ஓட்டு இல்ல?" என்று அஞ்சலை கேட்டாள்.

"சொந்தக்காரங்க பாசத்துல கடனை விட்டுக் குடுத்துடுவாங்க. அதனால வெளியாளுக்கு நஷ்டம் வந்துடும்னு சட்டம் நினைக்குது."

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. அரைத்தூக்கத்தில் இருந்தவர்களைத் தட்டி எழுப்பி, மேடம் சொன்னதைச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். "இந்தச் சட்டத்தை எழுதுனவருக்குச் சொந்தக்காரங்களே கெடையாதா?" என்று யாரோ கேட்டார். சுபாஷிணிக்கும் வாயோரம் துடித்தது. தண்ணீர் குடித்துச் சமாளித்தார்.

பந்தி பந்தியாக ஆட்களைக் கழித்து முடித்தபோது ஓட்டுரிமையோடு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கண்ணயர் நிதி நிறுவனத்தின் பிரதிநிதி ஹரிகேசவன். நிறுவனத்துக்கு வட்டிக்கடன் வகையில் எழுநூறு மணி நேரம் வர வேண்டும். துயில்கூடம் அவர்களுடையதுதான், அறுபடாத நீண்ட தூக்கத்துக்குச் சந்தையில் தனி விலை. அவர் எப்படி ஓட்டுப் போடுவார் என்பதில் ஐயமில்லை. மற்றவர் மல்லிப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கும் நெய்னா முகம்மது. அவர் பேரில் மூவாயிரம் மணி நேரம் இருந்தது. அவர் கையைத் தூக்கினால் போதும், முக்கால் பங்கு தாண்டிவிடும்.

சுபாஷிணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "பாய், இந்த மூவாயிரம் போன வாரம் வரைக்கும் வேம்பையன் பேர்ல இருந்திருக்கு. அவர் கடனாளியோட மனைவிக்கு அண்ணன். அவருக்கு ஓட்டு கிடையாது. இப்ப கூட்டத்துக்கு முன்னாடி திடீர்னு உங்க பேருக்கு வந்திருக்கு. என்ன குடுத்து வாங்கினீங்க?"

"ரெண்டு பெட்டி வாளமீனுங்க."

"மூவாயிரம் மணி நேரத் தூக்கத்துக்கு ரெண்டு பெட்டி மீனா?"

மூன்றாம் வரிசையில் இருந்து வேம்பையன் எழுந்தார். கொப்பரை வியாபாரி, ஒன்றை விற்றால் அதற்கு நியாயம் சொல்லாமல் இருக்க முடியாது. "நல்ல மீனுங்க மேடம். அன்னிக்கே புடிச்சது."

ஹரிகேசவன் டையைச் சரி செய்துகொண்டு எழுந்தார். "மேடம், இது பினாமி ஓட்டு. இதைச் சேர்க்கக் கூடாது."

"உக்காருங்க, நான் கேட்டுக்கிறேன்." சுபாஷிணி நெய்னாவின் பக்கம் திரும்பினார். "பாய், இந்தக் கூட்டத்துக்கு அடிப்படையே நல்லெண்ணம்தான். கடனைக் கை மாத்தலாம், தப்பில்ல. ஆனா ஓட்டுக்காக மட்டும் மாத்துனா அது கடன் இல்ல, வேஷம். அதைத் தள்ளிடுவேன். உண்மையைச் சொல்லுங்க. எப்படி ஓட்டுப் போடணும்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?"

'இல்லைங்க மேடம், என் இஷ்டந்தான்' என்பது பதில். நேற்று சாயங்காலம் கொப்பரைக் களத்தில் வைத்து வேம்பையன் அதை அவருக்கு நாலு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். நாலு தடவையும் நெய்னா தலையாட்டியிருந்தார். கார்வண்ணன் நாற்காலியின் கைப்பிடிச் சிங்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சொன்னாங்க," என்றார் நெய்னா.

"யாரு?"

"வேம்பையன் தம்பிதான். கையை மட்டும் தூக்குங்க பாய், மீனுக்குக் காசையும் பின்னாடி குடுத்துடுறேன்னாரு."

வேம்பையன் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் மாறி உட்கார்ந்தார். ஹரிகேசவன் புன்னகைத்தார்.

"ஆனா," என்று நெய்னா தொடர்ந்தார், "ரெண்டு நாளா எனக்கு அப்படிப் போட மனசு வரல மேடம்."

"ஏன்?"

"கடன் என் பேருக்கு மாறுனப்ப, சரியா வந்து சேருதான்னு பார்க்க கண்ணயர் ஆளுங்க ரெண்டு மணி நேரத்தை என் தொப்பிக்கு அனுப்புனாங்க. இருபது வருஷத்துக்கு மேல ராத்திரி வேலை பார்க்குறேன். பகல்ல தகரக் கூரைக்குக் கீழ புரண்டு கெடப்பேன். அதுதான் தூக்கம்னு நெனைச்சிட்டு இருந்தேன். அன்னிக்கு என் மக கணக்குப் பாடத்துல சந்தேகம் கேட்டுச்சு. ரெண்டு தடவ சொல்லியும் புரியல. மூணாந்தடவையும் சொல்லிக் குடுத்தேன், கத்தாம. அதுக்கு அது என்ன கேட்டுச்சு தெரியுமா? 'வாப்பா, உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா'ன்னு."

மண்டபத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் கோவக்காரன்னு ஊருக்கே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். ரெண்டு மணி நேரத்துல அது நான் இல்லன்னு ஆயிடுச்சு. திட்டம் ஜெயிச்சா எனக்கு நாலுல ஒரு பங்கு. தோத்தா மூவாயிரமும். பொய் சொல்லல மேடம், முழுசும் வேணும்னு ஆசையாத்தான் இருக்கு."

சுபாஷிணி வெகுநேரம் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

"சொல்லிக் குடுத்தபடி ஓட்டுப் போடுற ஆள் இவர் இல்லன்னு தெளிவாத் தெரியுது. மாத்துனவர் மனசுல என்ன இருந்தாலும், இப்ப இந்தக் கடன் நிஜமாவே இவரோடதாயிடுச்சு. அதனால இவர் ஓட்டு செல்லும். ஆட்சேபணை உண்டா?"

"இல்லவே இல்ல மேடம்," என்றார் ஹரிகேசவன், முகமெல்லாம் நல்லெண்ணமாக.

தன் பக்கத்து ஓட்டு செல்லும் என்ற தீர்ப்பைக் கேட்டுப் பயந்துபோன கடனாளி கார்வண்ணன் ஒருவனாகத்தான் இருப்பான். சுபாஷிணி சாப்பாட்டு இடைவேளை விட்டார்.

கை கழுவும் இடத்தில் வேம்பையன் அவனை மடக்கினார். "மாப்ள, பாயைத் தனியாப் பார்த்துப் பேசு. மத்தவனுக்கெல்லாம் நாலணா, உங்களுக்கு மட்டும் முழுசும்னு காதுல போட்டுடு. எழுத்துல ஒண்ணும் வேணாம்."

"மச்சான், மேடம் காலையிலயே சொல்லிட்டாங்க. ஒருத்தருக்கு மட்டும் ரகசியமாக் கூடக் குடுத்தா அது மத்தவங்களை ஏமாத்துறது. திட்டமே செல்லாமப் போயிடும்."

"தெரிஞ்சாத்தானே செல்லாது? ரகசியம்னா என்னடா அர்த்தம்?"

"மத்தவங்கன்னா நீங்களுந்தான் மச்சான். உங்க கடன் இருந்திருந்தா உங்களையும் சேத்து ஏமாத்துறது."

"என்னைய ஏமாத்து, பரவாயில்ல. நான் சொந்தம்." வேம்பையன் குரலைத் தணித்தார். "ரெண்டு வருஷம்டா. புள்ளை அஞ்சு வயசுல உன்னையப் பார்த்து, யாரும்மா இந்த மாமான்னு கேக்கணுமா?"

நெய்னா கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கார்வண்ணன் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். எதிர்வரிசையில் அஞ்சலை அத்தை ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கண் அயர்ந்து, இலையில் விழப்போன நேரத்தில் அவள் புருஷன் தோளைக் கொடுத்துத் தாங்கினார். அவருக்கும் கண் மூடித்தான் இருந்தது.

"பாய்," என்று கார்வண்ணன் தொடங்கினான். "உங்களுக்கு மட்டும்..."

"தம்பி, நானே உன்னைய ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்." நெய்னா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். கேலி இல்லை; தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. "நான் முழிச்சிருக்கேன்னா அது பொழப்பு. நீ ஆசைப்பட்டு முழிச்சிருந்த ஆளு. ராத்திரி மூணு மணிக்கு என்ன பண்ணுவ?"

இதை அவனிடம் யாருமே கேட்டதில்லை.

"மொத ரெண்டு வருஷம் படிச்சேன் பாய். பரீட்சையைத் தள்ளி வச்சாங்க. அப்புறம் இன்னொரு தடவ தள்ளி வச்சாங்க."

"அப்புறம்?"

"மீன் தொட்டி வச்சேன். கொரிய பாஷை கத்துக்கிட்டேன்."

"யாருகூடப் பேச?"

"யாரும் இல்ல."

"அப்புறம்?"

"பழைய கிரிக்கெட் மேட்ச்செல்லாம் போன்ல பார்த்தேன். எல்லாம் முடிவு தெரிஞ்சதுதான்."

நெய்னா சிரிக்கவில்லை. குயிலிக்கு ஊட்டிக்கொண்டே பின்னால் நின்றிருந்த மங்கைதான் பேசினாள். அவளும் அவனுக்குக் கடன் கொடுத்தவள். மனைவி என்பதால் காலையில் அவள் பெயரைக்கூட யாரும் கூப்பிடவில்லை.

"புள்ளை அழுதா என்ன பண்ணுவாருன்னு கேளுங்க பாய். முழிச்சித்தான் உக்காந்திருப்பாரு. என்னைய வந்து எழுப்புவாரு. புள்ளை அழுவுது பாருன்னு."

பிள்ளைக்கு அம்மாதானே வேண்டும் என்று கார்வண்ணன் உண்மையாகவே நினைத்திருந்தான். இப்போது அந்த வாக்கியத்தை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தால் அதன் முகம் நன்றாக இல்லை.

"ஏதோ சொல்ல வந்தியே," என்றார் நெய்னா.

"உங்களுக்கு மட்டும் ரகசியமா முழுசும் தர்றேன்னு சொல்ல வந்தேன்."

"தெரியும். உன் மச்சான் அங்கேருந்து கண்ணைக் கண்ணைக் காட்டுறாரே. அப்ப ஏன் சொல்லல?"

"அத்தையைப் பாருங்க, சோத்துலயே தூங்குறாங்க. அவங்களுக்கு நாலணா, உங்களுக்கு முழுசுன்னா எப்படி பாய்? உங்க ஆசை எனக்குப் புரியுது. உங்களுக்குத் தோணுறபடி போடுங்க. அதுக்காக நான் ஒண்ணும் தர மாட்டேன்."

சொல்லி முடித்ததும், இரண்டு வருஷத் தூக்கத்துக்கு இப்போதே கையெழுத்துப் போட்ட மாதிரி கார்வண்ணனுக்கு இருந்தது. நெய்னா மிச்சச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு இலையை மடித்தார்.

"கடைசியா ஒண்ணு தம்பி. முழிச்சிருக்க உனக்கு நெசமாவே பிடிக்குமா?"

"பிடிக்கும் பாய். எனக்கு உருப்படியா வர்றது அது ஒண்ணுதான்."

கூட்டம் மறுபடி கூடியது. ஹரிகேசவன் எழுந்து, நிறுவனத்தின் எழுநூறு மணி நேரமும் திட்டத்துக்கு எதிர் என்று பதிவு செய்தார். எல்லோரும் நெய்னாவைப் பார்த்தார்கள்.

"மேடம், திட்டத்துல நான் ஒரு திருத்தம் சொல்லலாமா?"

"கடன் குடுத்தவர் சொல்லலாம். கடனாளி ஒத்துக்கணும்."

"நாலணாவே போதும். ஆனா எனக்கு இவரு தூக்கம் வேணாம். இவரு வந்து என் ஷிப்ட்டைப் பார்க்கட்டும். முழிச்சிருந்து ஐஸ் எடுக்கட்டும். சம்பளம் எனக்கு வரட்டும். நான் வீட்டுல தூங்கிக்கிறேன்."

"பெட்டியில ஏத்த வேண்டாமா?"

"எதுக்குங்க? எனக்கே தூங்கத் தெரியும். நேரந்தான் இல்ல."

ஆறு வருஷமாக, தொப்பி, பெட்டி, விருந்து, கிடா என்று இத்தனை நடந்தும் இது யாருக்கும் தோன்றவில்லை என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் உணர்ந்தார்கள்.

ஹரிகேசவன் துள்ளி எழுந்தார். "மேடம், இது தூக்கப் பரிமாற்றமே இல்ல!"

"அப்ப இது என்ன?"

"இது... இது சும்மா ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்தாசை பண்றது!"

"அதைத் தடுக்குற பிரிவு ஏதாவது இருக்கா?"

அவர் கைக்கணினியில் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார் சுபாஷிணி. "ஒருத்தருக்கு ஒரு வழி, இன்னொருத்தருக்கு இன்னொரு வழின்னு இருக்கக் கூடாது. பாய்க்கு உண்டுன்னா எல்லாக் கடன்காரருக்கும் உண்டு. ஓட்டு இல்லாத சொந்தக்காரங்களுக்கும்தான். நாலணாவைத் தூக்கமா வாங்கிக்கலாம், இல்ல கடனாளியை முழிக்க வச்சு வாங்கிக்கலாம். அவங்கவங்க இஷ்டம்."

அஞ்சலை நிமிர்ந்தாள். "அப்ப ராத்திரி மோட்டார் கரண்டு வர்றப்ப வயலுக்குத் தண்ணி பாய்ச்ச இவன் வருவானா?"

"எங்க வீட்டுல மருமவளுக்கு எரட்டைப் புள்ளை!" என்று பின்னால் ஒரு குரல். "தொட்டில ஆட்ட வந்தா போதும்!"

"எனக்குக் காவல்! தேங்காய் களவு போவுது!"

"நீதானே போன மாசம் என் தேங்காயை எடுத்த?"

"அதனாலதான் களவு போவுதுன்னு தெரியும்!"

சுபாஷிணி மேசையைத் தட்டி அடக்கினார். "ஹரிகேசவன், உங்க நிறுவனத்துக்கும் இந்த வாய்ப்பு உண்டு. அங்க யாரைத் தூங்க வைக்கணும்? சொல்லுங்க, கடனாளி அவங்களுக்காக முழிச்சிருப்பார்."

ஹரிகேசவன் தலையைத் தூக்கி யோசித்தார். நிறுவனத்தில் தூங்க வேண்டியவர் என்று யாரும் இல்லை. அவரைத் தவிர, ஆனால் அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது.

"எங்களுக்குப் பெட்டியிலயே குடுத்துடுங்க," என்றார் சோர்வாக.

"கார்வண்ணன், திருத்தத்துக்குச் சம்மதமா?"

அவன் மங்கையைப் பார்த்தான். மங்கை குயிலியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: "மேடம், என் பேரையும் எழுதிக்கிங்க. எனக்கு ராத்திரி வேணாம், அவருக்கு வேலை இருக்கும். விடியக்காலையில புள்ளை எந்திரிக்கிற நேரம் போதும்."

"சம்மதம்," என்றான்.

நெய்னா கையைத் தூக்கினார். திட்டம் நிறைவேறியது.

யாருக்கு எந்த வாரம் என்று முறை போட்டபோது முதல் வாரம் நெய்னாவுக்கு வந்தது. ஐஸ் கம்பெனியில் அவர் கார்வண்ணனுக்கு எல்லாவற்றையும் காட்டினார்: உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் முங்கிக் கிடக்கும் டின்கள், உறைந்ததைச் சங்கிலியால் தூக்கும் விதம், எந்தக் குழாயைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் என்பது. அலாரம் வைத்த ஒரு டைம்பீஸையும் கொடுத்தார். "இது அடிச்சா அடுத்த வரிசை டின்னைத் தூக்கணும். நான் வர்றேன் தம்பி," என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு வரிசை எடுத்து முடிப்பதற்குள் திரும்பி வந்தார். கையில் தலையணை.

"என்ன பாய்? ஏதாவது மறந்துட்டீங்களா?"

"தூக்கம் வரல தம்பி." குற்றம் செய்தவர் போல நின்றார். "வீடு ஒரே அமைதியா இருக்கு. காது அடைச்சுப்போன மாதிரி. என் சம்சாரம் வேற, ஏதோ ஒரு ஆம்பளை வந்து படுத்திருக்காப்ல பார்க்குறா. அவளுக்கும் தூக்கம் வரல. எழுந்து போங்கன்னுட்டா."

"அப்ப எப்படி?"

"இங்கதான் எங்கயாவது."

இயந்திரம் திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்த மூலையில், உமி மூட்டைகளுக்கு நடுவே இடம் பார்த்துச் சாக்கை விரித்தார். தலையணையைப் போட்டார். சரிந்தார். "அந்த மூணாவது டின்னு ஒழுகும், பார்த்துக்க..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

கார்வண்ணன் டின்னைப் பார்த்துவிட்டு வந்து, கொஞ்ச தூரத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான். போனை எடுக்கத் தோன்றவில்லை. மொய்ப் பந்தலில் நூற்றுக்கணக்கானவர்கள் தொப்பியோடு படுத்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அது மரக்கட்டைகளை அடுக்கின மாதிரி இருக்கும். ஒருவர் முகத்திலும் ஒன்றும் நடக்காது. இது வேறாக இருந்தது. நெய்னாவின் நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இளகின. உதடு எதையோ பேரம் பேசியது. விரல்கள் அங்கே இல்லாத ஒரு சங்கிலியை இழுத்தன, பிறகு விட்டன. ஒரு தடவை, யாரோ நல்ல பதில் சொன்ன மாதிரி, கண்ணைத் திறக்காமலே சிரித்தார். என்ன கண்டார் என்று எழுப்பிக் கேட்க வேண்டும் போல கார்வண்ணனுக்கு ஆசையாக இருந்தது.

ஆறு வருஷமாக ஊரெல்லாம் வாங்கி அவன் செலவழித்த பொருள், உரியவரிடம் இருந்தால் இப்படித்தான் இருக்குமா? அவன் வாளியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

அடுத்த வரிசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டைம்பீஸ் அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து, அதன் குமிழை அமுக்கிவிட்டு, சங்கிலி சத்தம் போடாதபடி இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, முதல் டின்னைத் தூக்கினான்.